கிராம்பு எண்ணெயில் கலப்படம்

"கலப்படம்! என் கடையிலேயே கலப்படம்!"

முதலாளி கத்திய கத்தலில், மசாஜ் மேசையில் குப்புறப் படுத்திருந்த மாமனார் தலையைத் தூக்கினார். வாசனை எண்ணெய் மசாஜ் கடைக்கு முதல் போட்ட புண்ணியவான் அவர்தான்.

"என்ன மாப்ளே?"

"கிராம்பு எண்ணெய் மாமா! சுத்தமானதுன்னா பேப்பர்ல விட்ட சொட்டு காஞ்சு போயிடணும். இது நேத்து விட்டது. எப்படிப் பளபளன்னு நிக்குது பாருங்க! எவளோ பாதாம் எண்ணெயைக் கலந்திருக்கா."

எவளோ என்ன எவளோ? அங்கே வேலைக்கு இருந்ததே ஒருத்திதான். முதலாளி எண்ணெய் கலந்து கொடுப்பார், அவள் தேய்த்து விடுவாள். ஆறு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

"நான்தான் சார் பாட்டில்ல கலந்து வெச்சேன்."

"மீதி அசல் எண்ணெயை வித்துட்டியா?"

"ஐயோ, இல்ல சார்."

"பின்ன எதுக்கு?"

அவள் மாமனாரைப் பார்த்தாள். "அப்புறம் தனியா சொல்றேனே."

"திருடிக்கு ரகசியம் வேறயா? பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம் மாப்ளே, என் இடுப்பு நிமிர்ந்ததே அந்தப் பொண்ணு கையாலதான்."

"நீங்க படுங்க மாமா. இன்னிக்கு அசல் சரக்கு. நானே தேய்க்கறேன்."

வாசல்வரை போனவள் திரும்பினாள். "சார், ரெண்டு ஸ்பூன் பாதாம் எண்ணெய்க்கு ஒரே சொட்டுதான்..."

"எனக்கே பாடமா?"

புது பாட்டிலைத் திறந்தார். கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு மோந்தார். இன்னும் பத்து விட்டார். மறுபடி மோந்தார். அப்புறம் எண்ணுகிற வேலையே இல்லை, ஊற்றினார். மாமனார் முதுகில் ஆசை தீரத் தேய்த்தார்.

"ஐயையோ, எரியுதே! தண்ணி! தண்ணி!"

மாமனார் துண்டைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடினார். பின்னாலேயே மாப்பிள்ளையும் ஓடினார்.

"தண்ணி வேண்டாம் ஐயா, இன்னும் பரவும்!" பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவள், பாதாம் எண்ணெயை முதுகில் தாராளமாக ஊற்றித் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் சோப்புப் போட்டுக் குளிக்க அனுப்பினாள்.

குளியலறைக் கதவு சாத்தியதும் முதலாளி பாய்ந்தார். "இதை ஏன்டி அப்பவே சொல்லல?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"போன மாசம் காய்ச்சல் வந்ததிலிருந்து உங்க மூக்குல வாசனையே ஏற மாட்டேங்குது சார். ஏறுற வரைக்கும் ஊத்துறீங்க. அதான் பாட்டில்லயே கலந்து வெச்சேன். வாசனைக் கடை முதலாளிக்கு மூக்கு போச்சுன்னு, முதல் போட்ட மாமனார் முன்னாடி எப்படி சார் சொல்றது?"