சத்தம் கேட்கிற தரை

“சத்தம் வரணும் தம்பி. சத்தம் வராத தரையை எல்லாம் அந்தப் பக்கம் ஒதுக்கி வைங்க.”

விற்பனையாளருக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தரை விற்கும் கடையில் பதினோரு வருஷமாக நின்று கால் தேய்ந்தவர் அவர். வழுக்கக் கூடாது என்பார்கள், கறை தெரியக் கூடாது என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் போட்டதைவிட ஒரு படி மேலே இருக்கணும் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். சத்தம் வரணும் என்று கேட்ட முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

“சத்தம் வராத தரைன்னு சொல்றீங்களா மேடம்?”

“வர்ற தரை.”

பக்கத்தில் நின்ற கணவர் மாதிரிக்கு வைத்திருந்த ஃபோம் ஷீட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தார். “இவ சொல்றதைக் கேக்காதீங்க. அடியில தடிமனா ஃபோம் ஷீட் வெச்சு, மேல வினைல் போட்டுடுங்க. யானை நடந்தாலும் கேக்கக் கூடாது.”

“யானை எங்க நடக்குது? நடக்கிறது மூணு வயசுப் பையன்.”

விற்பனையாளருக்கு உயிர் வந்தது. குழந்தை விஷயம் என்றால் அவருக்கு அத்துப்படி. “அப்போ சார் சொல்றதுதான் சரி மேடம். எப்படிக் குதிச்சாலும் சத்தம் வராது. நீங்க நிம்மதியா இருக்கலாம்.”

“நிம்மதியாத்தான் இருக்கேன். அதைக் கெடுத்துடாதீங்க.” அந்த அம்மாள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “காலையில ஆறரைக்கு எழுந்திருப்பான். எழுந்ததும் நடக்கிற பழக்கமே கிடையாது, ஓட்டம்தான். படுக்கையறையில இருந்து பால்கனி வரைக்கும் தடதடன்னு பதினாலு அடி. அங்க நின்னு தெருவுல போற பஸ்ஸைக் கூப்பிடுவான். அப்புறம் திரும்பி ஒரே ஓட்டமா சமையலறைக்கு. நடுவுல நாற்காலியைத் தள்ளிவிட்டு ஒரு டமால். அது கேட்டாத்தான் எனக்குக் காப்பியே இறங்கும்.”

“போன மாசம் சத்தம் அடங்கட்டும்னு பாய் விரிச்சுப் பார்த்தாங்க,” என்றார் கணவர். “பத்து நாள் இவ சரியாச் சாப்பிடலை. அதை நான் ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பொண்ணு மூணு தடவை கேட்டுச்சு, சத்தம் வராத தரையாப் போடுங்கன்னு. அதுக்கும் மரியாதை கொடுக்கணும் இல்லையா?”

“அவ பாவம், பையன் காலைத் தூக்கினாலே ‘ஷ்ஷ்’னு அதட்டுறா. மூணு வயசுல ஓடாம அறுபது வயசுலயா ஓடப் போறான்? அவகிட்ட நான் பேசிக்கறேன்.”

ஓஹோ, மாமியார் மருமகள் விவகாரம்! விற்பனையாளர் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். அவர் வீட்டிலும் இது நடப்பதுதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அனுபவத்தில் கண்டவர், சாமர்த்தியமாகப் பேச்சை மாற்றினார்.

“பையன் யார் ஜாடை? மேடமா, சாரா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் சிரித்துவிட்டார். “நல்லவேளை, ரெண்டு பேர் மாதிரியும் இல்லை.”

அதன் பிறகு சோதனை தொடங்கியது. கடை நடுவில் ஒவ்வொரு வகைத் தரையும் முழங்கால் உயர மேடைகளில் போடப்பட்டிருந்தது. அந்த அம்மாள் முதல் மேடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பக்கப் பலகையில் காதை வைத்தாள்.

“மேல ஏறி ஓடுங்க தம்பி.”

“நானா?”

“இவர் ஓடினா முட்டி போயிடும்.”

கழுத்தில் டையுடன் விற்பனையாளர் ஓடினார். மற்ற வாடிக்கையாளர்கள் வந்த வேலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“குதிகால்ல ஓடுறீங்க. குழந்தை முன்பாதத்தை ஊனித்தான் ஓடும். சின்னச் சின்ன அடியா வைங்க.”

வைத்தார். கிரானைட்டில் விழுந்தால் மண்டை உடையும் என்று அதைத் தள்ளினாள். டைல்ஸ் குளிர் ஏறும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்றாள். வினைலில் ஓடி முடித்தபோது, “ஊமை” என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்தாள்.

மரத் தரையில் நாலு அடி வைப்பதற்குள் அவள் கண்களை மூடிக்கொண்டாள். முகம் முழுக்கச் சந்தோஷம். “இதேதான். இன்னொரு தடவை ஓடுங்க தம்பி.”

இன்னொரு தடவை தேவையே இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஓடினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கே உற்சாகம் தொற்றிக்கொள்ள, கடைசியில் தானாகவே ஒரு ‘டமால்’ குதியும் குதித்தார்.

கணவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையில் வைத்திருந்த ஃபோம் ஷீட் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“மரமே போட்டுடுங்க. அந்தப் பொண்ணுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

“அடியில மெல்லிசா ஒரு ஷீட் வைக்கணும் சார், இல்லைன்னா பலகை ஆடும்.”

“ஆடாத அளவுக்கு வைங்க,” என்றாள் அந்த அம்மாள். “அதுக்கு மேல ஒரு நூல் கூடாது.”

ஒரு வழியாக வியாபாரம் முடிந்த மகிழ்ச்சியில் விற்பனையாளர் படிவத்தை நிரப்பினார். “எந்த மாடி சார்?”

“ரெண்டாவது மாடி.”

“திங்கட்கிழமை காலையில ஆளுங்க வந்துடுவாங்க. கதவைத் திறக்க நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருப்பீங்கல்ல?”

“அது நாங்க வாடகைக்கு விட்டிருக்கிற வீடு தம்பி, பையனோட அம்மா திறப்பா,” என்றாள் அவள். “எங்களுக்குப் புள்ளைகுட்டி இல்லை, அதுக்கு நேர் கீழ் வீட்டுல நாங்க ரெண்டு பேர் மட்டும்தான் இருக்கோம்.”