சுருதி சேராத பஜனை

"இதுக்குப் பேர் பாட்டா?" என்று கேட்டார் சபாபதி.

அவர் கிள்ளானில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர். பிரிக்பீல்ட்ஸ் சங்கத்துக்காரர்கள் அவரை ரயிலில் வரவழைத்திருந்தார்கள். ஒரு வருஷமாகச் சங்கம் நடத்திவரும் மாலை பஜனையைக் கேட்டு, தேறுமா தேறாதா என்று அவர் சொல்ல வேண்டும். தேறாது என்றால் ஆர்மோனியம் செந்தூல் கிளைக்குப் போய்விடும். பஜனை அறை வாசகசாலை ஆகிவிடும்.

அறைக்குள் தண்டவாள வேலைக்காரர்கள் பத்திருபது பேர் அடித்தொண்டையில் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ரெங்கசாமி என்பவன் ஒரு பக்கம் இழுத்தான், மற்றவர்கள் இன்னொரு பக்கம் போனார்கள். நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி தம்புசாமி, எல்லாரையும்விட மோசமாகப் பாடினார்.

சபாபதி வெளியே வந்துவிட்டார். "வாத்தியாருக்கே சுருதி நிக்கலை. அப்புறம் மத்தவங்களை என்ன சொல்றது?"

செயலாளர் வாசுவுக்கு இது பிடித்திருந்தது. "நான் அப்பவே சொன்னேன்யா. தைப்பூசத்துல பாடத்தான் ஆரம்பிச்சோம். இவங்களைப் பத்துமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா நம்ம மானம் போயிடும்."

"தைப்பூசத்துக்கா?" என்றார் சங்கத் தலைவர். "பக்தி வளரணும்னு இல்ல ஆரம்பிச்சோம்?"

"சின்னப் பிள்ளைங்க நாலு பாட்டுக் கத்துக்கட்டும்னு ஆரம்பிச்சது" என்றார் பொருளாளர். "ஒரு பிள்ளையும் வரலையேன்னு நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

சபாபதி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"பாட்டு நல்லா இல்லை, அது நிச்சயம். ஆனா பஜனையை எதுக்கு வச்சீங்கன்னு உங்களுக்கே தெரியலை. அது தெரியாம தேறுச்சு, தேறலைன்னு நான் எப்படிச் சொல்றது? இதை முதல்ல கேட்டது யாரு?"

வாசு பொருளாளரைக் கைகாட்டினார்; பொருளாளர் தலைவரைக் கைகாட்டினார்.

"நான்தாங்கய்யா கேட்டேன்."

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பவுனம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். ரெங்கசாமியின் மனைவி.

"பாட்டு வேணும்னு கேட்டியாம்மா?"

"பாட்டு எனக்கு எதுக்குங்கய்யா? கள்ளுக்கடை திறந்து மூடுற வரைக்கும் எங்க வீட்டு ஆம்பளைங்களை எங்கயாச்சும் பிடிச்சு உக்கார வையுங்கன்னு கோயில்ல வச்சு தலைவரைக் கேட்டேன். அவங்கதான் பஜனை வைக்கலாம்னு சொன்னாங்க."

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். "ஆமா, இவதான் கேட்டா. நான் கூட்டத்துல வந்து பஜனை வைப்போம்னு மட்டும் சொன்னேன். எதுக்குன்னு சொல்ல விட்டுப்போச்சு."

"அப்ப இப்ப சொல்லிக்குவோம்" என்றார் சபாபதி. "இது தண்டவாளத்து ஆளுங்களுக்கு வச்சது. கடை திறந்திருக்கிற நேரத்துல நடக்கணும். அவங்க அந்தப் பக்கம் போகாம இருக்கணும். சரிதானே? வாங்க, கடைக்குப் போய்ப் பார்ப்போம்."

எதிரே ரோடு; அந்தச் சடக்கைத் தாண்டினால் கள்ளுக்கடை. பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கள் ஊற்றும் பாலன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"சங்கத்து ஆளுங்களா? புண்ணியமாப் போகும், அந்தச் சத்தத்தை நிறுத்துங்கய்யா. முந்தியெல்லாம் இந்நேரம் இங்க நிக்க இடம் இருக்காது."

"வேற கடைக்குப் போறாங்களோ என்னமோ" என்றார் வாசு, விட்டுக்கொடுக்காமல்.

பின்னாலேயே வந்த பவுனம்மாள் சிரித்தாள். "எங்கயும் போறதில்லைங்கய்யா. பாடிட்டு நேரா வீட்டுக்கு வந்து சோறு கேக்குறாரு. தொண்டை கிழியக் கத்தினா பசிக்காதா? எனக்கு அரிசிதான் கூடச் செலவாகுது."

"தேறிடுச்சு" என்றார் சபாபதி. "ஆர்மோனியம் இங்கயே இருக்கட்டும்."

தலைவருக்கு நிம்மதி. வாசுவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"இருக்கட்டும்யா. ஆனா பாட்டையும் கொஞ்சம் சரிபண்ணலாமே. அந்தத் தம்புசாமியை நிறுத்திட்டு, சுருதி தெரிஞ்ச ஒருத்தரைப் போடுவோம். நீங்களே அவர்கிட்ட பக்குவமாச் சொல்லிடுங்க."

சபாபதிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாவம், ஆசையாகச் சொல்லிக்கொடுக்கிற மனுஷன், நோகாமல் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

அதற்குள் கடை மூடும் நேரமாகி, பஜனையும் முடிந்து ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தம்புசாமி மட்டும் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து, அதே பாட்டைத் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தார்.

சபாபதி வாசலிலேயே நின்றுவிட்டார். சுருதி இம்மி பிசகவில்லை. அப்படி ஒரு குரலைக் கேட்டு அவருக்கு வெகுநாள் ஆகியிருந்தது. பாட்டு முடியும் வரை அவர் அசையவில்லை.

"இப்படிப் பாடுறவர் அவங்களோட உக்காந்து ஏன் அப்படிப் பாடுனீங்க?"

தம்புசாமி திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு கூச்சத்தோடு சிரித்தார்.

"ஆரம்பத்துல ஒழுங்காத்தான் பாடினேன்யா. எல்லாரும் பாடுறதை விட்டுட்டு என்னைக் கேக்க ஆரம்பிச்சாங்க. நான் தப்பாப் பாடினப்பதான் அவங்களுக்கும் வாயைத் திறக்கத் தைரியம் வந்துச்சு."

"அவங்க கேட்டுட்டு இருந்தா என்ன?"

"கேக்கிறவன் பாதியில எழுந்து கள்ளுக்கடைக்குப் போயிடுறான்யா. பாடுறவனுக்கு அப்படி எழுந்து போக மனசு வரலை."