ஆளுக்கொரு மெழுகுவர்த்தி

“ஏங்க, நில்லுங்கன்னு சொல்—”

“நீ அங்கேயே இரு விசாலம், நான் பார்த்துட்டு—”

“கையில மெழுகுவர்த்தி எங்க?”

“ஊதி அணைச்சிட்டேன். போன்ல டார்ச் இருக்கறப்போ அது எதுக்கு, சாமி கும்பிடவா?”

இத்தாலியில் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத பசிலிகாட்டாவில், பாறையைக் குடைந்த ஒயின் நிலவறையின் படிகளில் கணவனும் மனைவியும் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். சிதம்பரநாதன் அடிப்படி வரை இறங்கிவிட்டார். விசாலம் பாதியில் நின்றாள். நிலவறைக்காரி ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொளுத்திக் கொடுத்துவிட்டு, வெளியே இவர்களுக்காகப் பாலாடைக்கட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதைக் கைடு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லியிருந்தான்: திராட்சைச் சாறு புளித்துப் பொங்கும் மாதம் இது, கீழே காற்று கெட்டிருக்கும், சுடர் தானாக அணைந்தால் உடனே திரும்பிவிடுங்கள்.

“அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லலையா?”

“ஊர் சுத்த வர்றவங்களுக்குக் காட்டற வேடிக்கைடி அது. அடேயப்பா, ஒவ்வொரு பீப்பாயும் நம்ம சமையல்கட்டு அளவு இருக்கு!”

“பீப்பாய் எங்கயும் ஓடிடாது. மேல வாங்க.”

“வாசனை என்னமா தூக்குது! குடிக்காமலேயே தலை சுத்துதுன்னா பார்த்துக்கோ.” அவர் சிரிப்பது கேட்டது.

விசாலம் இன்னும் இரண்டு படி இறங்கினாள். சுடர் சுருங்கி, திரியோடு ஒட்டிக்கொண்டது. பதறிப்போய் மேலே ஏறினாள். சுடர் நிமிர்ந்தது.

கீழே டார்ச் வெளிச்சம் பீப்பாய்களின் மேல் இல்லை. தரையிலிருந்து நேராக மேலே அடித்து, கூரைப் பாறையில் அசையாமல் நின்றது.

“ஏங்க, போனை ஏன் கீழ வெச்சீங்க?”