தாத்தா என்ன பாடம் எடுத்தார்

பேத்தி செல்போனை மேஜையின் நடுவில் வைத்து, பதிவாகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"பெரியவங்க யாராவது ஒருத்தரப் பேட்டி எடுத்துட்டு வரணுமாம், ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. அவ கேக்கறத நான் உங்களுக்குச் சொல்றேன். நீங்க சொல்றத அவளுக்குச் சொல்றேன்" என்றான் மகன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. அவள் பேசுவது தாத்தாவான ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் புரியாது. நடுவில் மகன், இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பத் தோதாக நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

கைக்குழந்தையாகப் பார்த்த பேத்தி. போனில் 'தாத்தா' என்ற ஒரு சொல்லோடு ஓடிவிடுவாள். இப்போது ஒரு வார விடுமுறைக்கு வந்திருந்தாள். நாளைக் காலை விமானம்.

வாத்தியார் சட்டையின் மேல் பட்டனை இடது கையால் தடவிப் பார்த்தார். மழைக்காலத்தில் வந்த பக்கவாதம் கால்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வலது கையைப் பாதிதான் கொடுத்தது.

முதல் கேள்வி வேலையைப் பற்றி.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கடைசி பெஞ்சில் ஒரு பையன். வருடம் முழுக்க வாயே திறக்கவில்லை. அவர் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. தினமும் அவன் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு நகர்ந்துவிடுவார். ஒருநாள் அவனாகவே எழுந்து, ஒரு பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு உட்கார்ந்தான். வகுப்பில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. பிள்ளைகளெல்லாம் எங்கே போய்விட்டார்கள் என்று பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

மகன் அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். பேத்தி தலையாட்டினாள்.

"அவ்வளவுதானா?"

"சொல்லிட்டேம்ப்பா."

எல்லாவற்றையும் சொன்னானா, கணக்கு டீச்சரை விட்டுவிட்டானா? யாரைப் போய்க் கேட்பது?

அடுத்து, அப்பா சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று கேட்டாள். வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பள்ளியில் சேர்த்த அன்று அவன் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டதையும், அவனை இழுக்கப் போன அம்மாவும் உள்ளே சிக்கிக்கொண்டதையும், கடைசியில் கட்டிலையே இரண்டு பேர் தூக்கவேண்டியிருந்ததையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"இதெல்லாம் எதுக்குப்பா" என்ற மகன், பேத்தியிடம் ஏதோ இரண்டு சொல் சொன்னான். நல்ல பையனாக இருந்தேன் என்றுதான் சொல்லியிருப்பான்.

பிறகு பொழுதுபோக்கு.

ஞாயிற்றுக்கிழமை தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போவார். எந்த மீனும் அவரை மதித்ததில்லை. வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு, வழியில் சந்தையில் இரண்டு மீன் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். நான் பிடித்தது என்பார். மனைவியும் வியந்து வாங்கிக்கொள்வாள். வருடக்கணக்கில் நடந்த நாடகம். ஒருநாள் மட்டும் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க ஏரி மீன் ரொம்ப நல்ல மீனுங்க. தானே செதில் சீவிக்கிட்டு வந்து மாட்டுது."

மகன் சிரித்துவிட்டான். அம்மா போனபிறகு அந்த வீட்டில் அவன் அப்படிச் சிரித்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேத்தியின் பக்கம் திரும்பினான். நாலைந்து சொற்கள்.

அவள் மரியாதையாகப் புன்னகைத்தாள், பேருந்தில் இடம் கொடுத்தவருக்குப் புன்னகைப்பதுபோல.

"செதில் சீவினதச் சொன்னியா?"

"அத எப்படிப்பா அவளுக்குச் சொல்றது. விடுங்க."

விட்டார். வேறென்ன செய்ய. மவுத் ஆர்கன் வாசித்ததையும் சொல்ல வாயெடுத்தவர், வேண்டாம் என்று மூடிக்கொண்டார்.

கடைசிக் கேள்விக்கு அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. முழங்கைகளை மேஜையில் ஊன்றி, அவர் முகத்தையே பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மெதுவாகக் கேட்டாள். அவரே புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள்போல.

அவர் அந்தச் சின்ன உதடுகளையே பார்த்தார். தெரிந்த ஓசைதான். உள்ளே எங்கும் போய் உட்காரவில்லை.

மகனைப் பார்த்தார். மகன் மேஜையிலிருந்த செல்போனைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

"நீங்க என்ன பாடம் எடுத்தீங்கன்னு கேக்கறாப்பா."

வாத்தியார் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு."

ஆங்கிலம். முப்பது வருடத்துக்கு மேல் அவர் சொல்லிக்கொடுத்தது அவள் பேசுகிற அந்த ஆங்கிலத்தைத்தான். வீட்டிலும் அதிலேயே பேசு என்று சாப்பிடும்போதுகூட மகனை மடக்கி மடக்கித் திருத்தியவரும் அவர்தான். பக்கவாதம் அதை மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. தாய்மொழி தங்கிவிடும், பிறகு படித்தது சிலருக்குப் போய்விடும், திரும்ப வந்தாலும் வரலாம் என்றார் டாக்டர்.

மகன் குனிந்தபடியே பதில் சொன்னான்.

பேத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவரிடம் ஏதோ சொன்னாள். மகன் அதைத் தமிழில் சொல்லவில்லை.

அவரும் சிரித்தார். வகுப்பில் பாடம் புரியாத பிள்ளைகள், பக்கத்தில் இருப்பவன் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பதை எத்தனையோ தடவை பார்த்தவர்தான்.