மணத்தக்காளி

பாத்தி மொட்டையாக இருந்தது.

அவள் கையில் பூவாளியுடன் அப்படியே நின்றாள். போன சனிக்கிழமை முழங்கால் உயரத்துக்கு நின்ற செடி. காய்த்து, கறுத்து, இன்றைக்குப் பறித்துவிடலாம் என்று கிண்ணம்கூடக் கொண்டுவந்திருந்தாள்.

மண்ணை யாரோ சீராகக் கிளறி, சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. பக்கத்துப் பாத்தி ஸ்டான்தான். போலந்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். மண்வெட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டு, பரிசைக் கொடுத்துவிட்டுப் பிரிக்கக் காத்திருப்பவர் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"விஷச் செடிம்மா அது. பறவை எச்சத்துல வந்திருக்கும். வேரோட புடுங்கிட்டேன்."

அவருடைய ஆங்கிலமும் அவளுடைய ஆங்கிலமும் வேறு வேறு ஊரில் படித்தவை. ஆனாலும் புரிந்தது.

"அட பாவி மனுசா," என்றாள் தமிழில், மெல்ல.

நன்றியெல்லாம் எதற்கு என்று அவர் கையை ஆட்டினார்.

பறவை எச்சத்தில் வரவில்லை. ரயில் நிலையத்து வேலியோரம் அவள் கண்டெடுத்தது. மெல்பர்ன் நகரம் முடிந்துபோகிற கடைசி நிலையம். ஊரே மிதித்துக்கொண்டு போன இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மணத்தக்காளிக் கன்று. கைக்குட்டையில் மண்ணோடு பொதிந்து கொண்டுவந்து, இந்தப் பொதுத் தோட்டத்தில் தனக்குக் கிடைத்த பாத்தியில் நட்டாள். குளிர்காலம் முழுக்கப் பழைய வாளியைக் கவிழ்த்து மூடிக் காப்பாற்றினாள்.

"புள்ள பெத்தாக்கூட இப்படிப் பாக்க மாட்ட," என்று கணவன் கேலி செய்தான்.

இப்போது மொட்டைப் பாத்தியைப் பார்க்க ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். இந்த ஊரில் அவளிடம் தானாக வந்து பேசுகிற ஒரே ஆள் ஸ்டான். கணவனுக்குக் கிடங்கில் வேலை, சனிக்கிழமையும் விடுமுறை கிடையாது. தோட்டத்துக்கு வந்தால் இவர் முட்டைக்கோஸ் புழுவைப் பற்றியாவது நாலு வார்த்தை பேசுவார். கோபமாக ஏதாவது சொன்னால் மனிதர் ஒதுங்கிப் போய்விடுவார். சொல்லாமல் விட்டால் செடி போய்விடும்.

பிடுங்கிய செடி அவருடைய தள்ளுவண்டியில் கிடந்தது. வேரில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. இலைகள் இப்போதுதான் துவளத் தொடங்கியிருந்தன.

"இது சாப்பிடுறது," என்றாள்.

ஸ்டானின் சிரிப்பு நின்றது. இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார்.

சரி, காட்டிவிடலாம் என்று கைபேசியில் தேடினாள். வந்து விழுந்த முதல் படத்திலேயே விஷம் என்று மண்டையோட்டுக் குறி. அவர் எட்டிப் பார்த்தார். நான்தான் சொன்னேனே என்று புருவத்தை உயர்த்தினார்.

இனிப் பேசிப் பயனில்லை.

நன்றாகக் கறுத்த பழமாகப் பார்த்து ஒன்றைக் கிள்ளினாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

இனித்தது. இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கசப்பு.

ஸ்டான் சுண்ணாம்பாக வெளுத்துப்போனார். துப்பு, துப்பு என்று தானே துப்பிக் காட்டினார். அவள் விழுங்கிவிட்டு நாக்கை நீட்டினாள். மருந்தைக் குடித்துவிட்டுக் குழந்தைகள் காட்டுவார்களே, அப்படி.

அவர் ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தித் தயாராக வைத்துக்கொண்டார். அவள் குழி தோண்டினாள். செடியை இறக்கி மண் அணைத்தாள். வேறு வழியில்லாமல் அவரும் ஒரு கையால் தண்ணீர் ஊற்றினார். மற்றக் கையில் கைபேசி. கண் அவள்மேல்.

செடி பிழைத்துக்கொள்ளும். அதன் குணம் அவளுக்குத் தெரியும்.

பிறகு இருவரும் வேலியோர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்ன, அவர் உட்கார வைத்தார். வீட்டுக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நடுவில் அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். போலிஷ் மொழியில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு வைத்தார்.

வயிறு வலிக்கிறதா? இல்லை.

தலை சுற்றுகிறதா? இல்லை.

இது எத்தனை விரல்? சரியாகச் சொன்னாள்.

கடைசிப் பாத்தியில் சோளம் ஒடித்துக்கொண்டிருந்த சோமாலியப் பெண் ஹோதன், என்ன விஷயம் என்று கேட்டபடி வந்தாள். ஸ்டான் செடியைக் காட்டினார், அவளைக் காட்டினார். ஹோதன் கையிலிருந்த சோளத்தைக் கீழே போட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்து முடித்த பிறகும் கையை விடவில்லை.

ஸ்டான் ஃபிளாஸ்கிலிருந்து எலுமிச்சை போட்ட தேநீரை மூடியில் ஊற்றி முதலில் அவளிடம் நீட்டினார். வெயில் முதுகில் இதமாக விழுந்தது. தன்னை இத்தனை கவலையாக யாராவது பார்த்து வெகு நாளாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நிழல் பெஞ்சைத் தாண்டி நகர்ந்தது. ஸ்டானுக்கே நம்பிக்கை வந்துவிட்டது போலும். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

"இப்ப ஒண்ணும் இல்லியே? கிளம்பலாமா?"

கொத்துக் கொத்தாக இந்தப் பழத்தைத் தின்று, நாக்கு ஊதாவாகப் பள்ளிக்கூடம் போனவள் அவள்.

வயிற்றில் கை வைத்துக்கொண்டு சற்று யோசித்தாள்.

"தெரியல," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போலாமே."

ஸ்டான் மறுபடி உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்தார்.