மூக்கு வருத்தம்

சுவரின் சாந்து உதிர்ந்ததும் அவள் முதலில் கண்டது ஒரு துண்டுத் துணியைத்தான்.

பச்சைக் கட்டம் போட்ட துணி.

குழாய் வேலைக்கு வந்திருந்த சுதர்சன் விளக்கைக் கிட்டக் கொண்டுபோனான். பாரிஸில் பழைய வீடுகளைத் திருத்துவதே அவன் தொழில். குசினியின் பழைய ஈய எரிவாயுக் குழாய்களைப் பிடுங்கிவிட்டுச் செம்பு போட வந்திருந்தான்.

சனிக்கிழமை தான் வீட்டில் நிற்கும்போது செய்விப்போம் என்று கணவன் நூறு தடவை சொல்லியிருந்தான். சுதர்சனுக்குச் சனிக்கிழமை தோதுப்படவில்லை.

துணிக்குக் கீழே காய்ந்து கல்லாகிப்போன சவர்க்காரம். அதற்கும் கீழே, குழாயில் ஓர் ஆணித் துளை.

“ஆரோ ஆணி அடிச்சிருக்கினம் அக்கா. ஈயம் மெத்தெண்டு இருக்கும், இறங்கினதே தெரியாது. பிறகு தெரிஞ்சுதான் சவர்க்காரத்தால அடைச்சு, சுத்திக் கட்டி, மேல பூசியிருக்கினம். இவ்வளவு நாளும் உங்களுக்கு மணக்கேல்லையோ?”

மணக்கேல்லையோ.

நாலு வருடம் எரிவாயு மணந்தது. இதே சுவரில் மாட்டியிருந்த சாமித் தட்டுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் மணந்தது. விளக்குக் கொளுத்தமாட்டேன் என்று அழுதாள். கணவனுக்கு மணக்கவில்லை. அவனுக்கு மணக்காததால் அந்த வீட்டில் எவருக்கும் மணக்கவில்லை.

மூக்கில் தொடங்கிய வருத்தம் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். குளிசை கொடுத்தார்கள். மகளை மச்சாள் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பைத்தியத்தை நம்பி ஒரு பிள்ளையை விடலாமா?

அந்தத் தட்டுக்கு ஆணி அடித்தவன் அவன். அந்தப் பச்சைக் கட்டத் துணி அவன் இடுப்பில் கட்டிய சாரம். அவள் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. கிழிந்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்றிருந்தான்.

பாவி.

துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தண்ணீரில் போட்டுத் தோய்த்தாள். அது தானாகவே நுரைத்தது.

பின்னேரம் கணவன் வந்தான். புதுச் செம்புக் குழாயைப் பார்த்தான். மேசைக்கு வந்து இருந்தான்.

தேத்தண்ணியில் ஆவி பறந்தது. பக்கத்தில் நாலாக மடித்த பச்சைக் கட்டத் துணி. அதன்மேல் அவளுடைய அன்றைய குளிசை.

அவள் வாசலில் குனிந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மச்சாள் வீட்டுக்கு பஸ்ஸில் இரண்டே தரிப்பிடம். மகளின் குளிர்ச்சட்டை அவள் கையில் தொங்கியது.

நாலு வருடமாக ஒவ்வொரு பின்னேரமும் அவன் கேட்ட கேள்வியை, அவன் கேட்கும் அதே அன்போடு, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“குளிசை போட்டாச்சோ?”