சாம்பாருக்கு அறை இல்லை

பீன்ஸ் உள்ளே போக மாட்டேன் என்கிறது.

விரலால் அமுக்கினாள். மூடி மூடவில்லை. திறந்தாள், கொஞ்சம் எடுத்தாள், மறுபடி அமுக்கினாள்.

எட்டே கால் பேருந்தை விட்டால் இன்றைக்கு வேலைக்குப் போன மாதிரிதான். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இன்றைக்கு முதல் நாள்.

மேடையில் மூன்று டப்பா. நீலம் மாமனாருக்கு. பச்சை கணவனுக்கு. சாம்பல் நிறம் கொழுந்தனுக்கு. நேற்றுதான் கூரியரில் வந்தன. ஜப்பான்காரர்கள் சாப்பாடு கட்டுகிற டப்பா; பென்டோ என்று பெயராம். ஒவ்வொன்றிலும் ஐந்து அறை.

நான்காவதாக ஒன்றும் வந்தது, ரோஸ் நிறத்தில். கையில் எடுத்துப் பார்த்தாள். அது ஸ்பேர் என்று மாமியார் அவள் கையிலிருந்து வாங்கி, கவரோடு பரணில் போட்டுவிட்டார்.

கணவன் செல்போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான். திரையில் ஒரு படம். கேரட் பூவாக இருக்கிறது. சோறு கரடிக்குட்டியாக இருக்கிறது. இந்த மாதிரி அடுக்கணும், ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறான்.

கரடிக்குட்டிக்கு எங்கே சாம்பார் ஊற்றுவது?

ஐந்து அறையில் ஒன்றுகூடச் சாம்பாரைத் தாங்காது. கொஞ்சம் சாய்த்தால் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறது. ரசத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதுவரை எவர்சில்வர் டப்பாதான். கீழ் அடுக்கில் சோறு, மேல் அடுக்கில் பொரியல், திருகுமூடிக் கிண்ணத்தில் குழம்பு. கண்ணை மூடிக்கொண்டு கட்டுவாள். அந்த டப்பாவுக்கு என்ன குறை?

குறை மூடியில் இருந்தது.

கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுத்த அன்றைக்கு, பெயர் வெட்டுகிறவரிடம் அவள் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். எல்லாத்துலயும் படிப்போட சேர்த்துப் போடுங்க என்றார். அப்பா மூட்டை தூக்குகிறவர். கைநாட்டு. வெட்டி முடித்ததும் ஒரு மூடியைத் தடவிப் பார்த்து, இதில் பி.எஸ்சி. எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர் எல்லாத்துலயும் என்றால் எல்லாத்திலும்தான். அண்டா, குடம், இட்லிக் குண்டான், ஜல்லிக் கரண்டி, குழம்புக் கரண்டி. ஒன்று விடாமல் 'ச. மணியரசி பி.எஸ்சி.'

பி.எஸ்சி. குடத்துல தண்ணி புடிச்சாச்சா அண்ணி என்று கொழுந்தன் கேட்பான். அவளும் சிரித்துத் தொலைப்பாள்.

போன மாதம் கணவனின் கம்பெனியில், சாப்பாட்டு வேளையில், எவனோ மூடியைத் திருப்பிப் படித்துவிட்டான். நீ டிப்ளமாதானேடா, இது யாரு பி.எஸ்சி. என்று கேட்டானாம். அன்றைக்கு டப்பா பாதிச் சோற்றோடு திரும்பி வந்தது.

அதற்கு அப்புறம்தான் இந்த ஜப்பான் டப்பா.

வேலைக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும். சாப்பாடு கட்டுறது தடைபடாம போறதுன்னா போ என்றார்கள். சரி என்றாள். மூன்று பேருக்குக் கட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

டப்பாவை மாற்றிவிட்டார்கள்.

கணவன் வேண்டுமென்றே செய்தானா? இருக்காது. அவள் பேருந்து அவன் நினைப்பிலேயே இருந்திருக்காது. அதுதான் இன்னும் எரிகிறது.

முட்டை நெடி மற்றதில் ஏறக் கூடாது. தயிர் மதியம்வரை புளிக்கக் கூடாது. ஊறுகாய் எண்ணெய் சோற்றைத் தொடக் கூடாது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பச்சை டப்பாவின் ஓரத்தில் ஒரு பீன்ஸ் துருத்திக்கொண்டு நின்றது.

அதைப் பார்த்தாள்.

டப்பாவைத் தூக்கி, பீன்ஸை வாணலியிலேயே திருப்பிக் கொட்டினாள். நீலத்தையும் கொட்டினாள். சாம்பலையும்.

மூன்றையும் கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். சாப்பாட்டு மேஜையில் வரிசையாகத் திறந்து வைத்தாள். பக்கத்தில் சோற்றுப் பானை, சாம்பார்ச் சட்டி, வாணலி, முட்டை, தயிர், ஊறுகாய். சட்டியில் குழம்புக் கரண்டியைப் போட்டாள். செல்போனை எடுத்து வந்து, படம் தெரிகிற மாதிரி நடுவில் சாய்த்தாள்.

கொல்லைக் கதவோரம் ஒரு சாக்கு. பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டு பிளாஸ்டிக் வாளி வாங்க மாமியார் கட்டி வைத்தது. முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

மேலாக இருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துக் கழுவினாள். கீழே சோறு. சோற்றின் தலையிலேயே சாம்பார். மேல் அடுக்கில் பீன்ஸ்.

கலக்கட்டும்.

வாசலில் அவள் செருப்பை மாட்டும்போது கணவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். மேஜையைப் பார்த்தான். மாமனார் பேப்பரை இறக்கினார். மாமியார் அவள் கையிலிருந்த டப்பாவையே பார்த்தார்.

சாப்பாடு கட்டலையா என்றான்.

"எல்லாம் செஞ்சு வெச்சிருக்கேன். படத்தப் பாத்து அடுக்கிக்கங்க."



ஒரு செருப்பின் வார் மடங்கிக்கொண்டது. குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

அவன் கரண்டியை எடுத்திருந்தான். கரண்டி நிறையச் சாம்பார். பச்சை டப்பாவுக்கு மேலே பிடித்தபடி, எந்த அறை என்று தேடிக்கொண்டு நின்றான்.

காம்பில் இருந்த பெயரை அவன் விரல்கள் மூடியிருந்தன. படிப்பு மட்டும் வெளியே தெரிந்தது.